கட்டி கரைக்கும் ஊசிக்கு முன்னால் ஐந்து நிமிடம்

சென்ற வாரம் தக்கலைச் சந்தையில் மீன் வாங்க நின்றபோது, பக்கத்தில் நின்ற ஒருவர் தம் மைத்துனரின் சாவைப் பற்றி மீன்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “நெஞ்சுவலின்னு கொண்டு போனோம். கட்டி கரைக்கிற ஊசியப் போட்டாவ. ராத்திரி மூளையில ரத்தம் கசிஞ்சு ஆளு போயிட்டாரு. ஊசியே போடாம நேரா திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போயிருக்கணும்.” அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, துக்கத்தில் இருப்பவரிடம் வாதம் செய்வது முறையல்ல என்று பேசாமல் வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்த ஊசியால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படுவதுண்டு. போட்டுக்கொள்கிறவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு அது நேர்கிறது. இதயத் தமனியை அடைத்துக்கொண்டிருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்துக்கு, உடம்பில் வேறெங்காவது காயத்தை மூடிக்கொண்டிருக்கும் கட்டியை மட்டும் விட்டுவைக்கத் தெரியாது. ஆனால் மறுபாதியையும் சொல்ல வேண்டும். மாரடைப்புச் சந்தேகத்தோடு வந்த பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடத்தி 1988இல் வெளியிட்ட ஐசிஸ்-2 ஆய்வில், கட்டி கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் ஆஸ்பிரின் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களிடையே இதய, ரத்தநாள நோயால் ஏற்படும் சாவு, இரண்டும் பெறாதவர்களைவிட நூற்றுக்கு 42 பங்கு குறைந்திருந்தது. வலி தொடங்கிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால் பலன் மிக அதிகம். பன்னிரண்டு மணி நேரம் கடந்தபின் பெரும்பாலும் போடுவதில்லை.

இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (மெல்லிய குழாயைச் செலுத்தி அடைபட்ட தமனியைத் திறப்பது) செய்ய முடியுமானால் அதுவே மேல் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் கோதையாற்றுக்கு மேலே வலி வந்தவரைக் கீழே இறக்கி, பேச்சிப்பாறை, குலசேகரம் வழியாகக் கொண்டுவந்து, மார்த்தாண்டத்தின் காலை நேர நெரிசலையும் களியக்காவிளையையும் தாண்டி எல்லைக்கு அப்பால் சேர்ப்பதற்குள் அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன மிஞ்சும் என்பதை எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஊசி நமக்குத் தேவை. அது நம்மைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் போடுவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் கேட்கப்படும் கேள்விகளைப் பொறுத்தது. அந்தக் கேள்விகளுக்குரிய விடையில் பெரும்பகுதி மருத்துவரிடம் இல்லை, கூட வந்த நம்மிடம் இருக்கிறது. இதுதான் என் கருத்து.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவரைக் காலை ஏழு மணிக்குக் கொண்டுவந்தார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர். நெற்றியில் கட்டிய விளக்கின் பட்டைத் தடம் அப்போதும் நெற்றியில் பதிந்திருந்தது. விடியும் முன்னே தோட்டத்தில் வலி வந்திருக்கிறது. வாயு என்று நினைத்து இஞ்சிச் சாறு கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஈ.சி.ஜி.யில் சந்தேகத்துக்கு இடமில்லாத மாரடைப்பு. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, முன்பு பக்கவாதம் வந்ததா, தலையில் அடிபட்டதா என்று டாக்டர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் மகன் “ஒண்ணும் கிடையாது சார், கல்லு மாதிரி உடம்பு” என்றே சொன்னார். மருந்தைக் கரைக்க நான் குப்பியைக் கையில் எடுத்துவிட்டேன். வாசலில் நின்ற அவருடைய அக்கா, யாரும் கேட்காமலே, “போன சித்திரையில வாய் கோணி இடது காலு இழுத்துச்சே, எண்ணெய் போட்டுத் தடவித்தானே சரியாச்சு” என்றார். அப்போது ஆனி மாதம். மகன் பொய் சொல்லவில்லை. ஆங்கில மருத்துவமனைக்குப் போகாமல் வைத்தியரிடம் தடவி எழுந்து நடந்துவிட்டதால், அதை ஒரு நோயாகவே அவர் கணக்கில் வைத்திருக்கவில்லை. டாக்டர் ஊசியை நிறுத்தினார், வண்டி வரவழைத்தார், ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்பினார். குப்பியைத் திருப்பி வைக்கும்போது என் கை நடுங்கியது.

வர்மமும் தடவலும் ஊர்தோறும் உள்ள நம் பகுதியில் இந்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூளையில் ரத்தக்கசிவு எந்தக் காலத்தில் வந்திருந்தாலும் இந்த ஊசி கூடாது. அடைப்பினால் வந்த பக்கவாதம் என்றால் கடந்த சில மாதங்களுக்குள் வந்ததா என்று பார்ப்பார்கள். பனையிலிருந்தோ கட்டுமரத்திலோ விழுந்து தலையில் அடிபட்டது, அண்மையில் செய்த அறுவை, மலத்தில் கறுப்பாக ரத்தம் போவது, வால்வு அறுவைக்குப்பின் ரத்தம் உறையாதிருக்கத் தினமும் விழுங்கும் மாத்திரை ஆகிய எதையும் மறைக்கக் கூடாது. வெட்கப்பட்டோ பயந்தோ மறைப்பவர்கள் குறைவு. “அதுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்” என்று நினைத்துச் சொல்லாமல் விடுபவர்களே அதிகம். முதுகுக்குப் பாய்கிற, கிழிப்பது போன்ற வலி என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி கிழிந்து வரும் வலிக்கு இந்த ஊசி எமன், அதனால்தான் இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கிறார்கள். ரத்த அழுத்தம் 180க்கு 110ஐத் தாண்டி நின்றால் முதலில் அதைக் குறைத்துவிட்டே அடுத்த பேச்சு.

இனி என் வீட்டுக் கதை. என் அண்ணனுக்கு வலி வந்த இரவில் பக்கத்துக் கிளினிக்கில் வாயுவலி என்று சொல்லி இடுப்பில் ஒரு வலி ஊசி போட்டு அனுப்பினார்கள். வலி நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஈ.சி.ஜி. எடுத்து, அங்கே கட்டி கரைக்கும் ஊசியும் போட்டார்கள். இதயம் தப்பியது. ஆனால் இடுப்பில் ஊசி குத்திய இடத்தில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, மறுநாள் தொடை முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. இடுப்பு ஊசியைப் பற்றி அண்ணி யாரிடமும் சொல்லவில்லை; யாரும் கேட்கவும் இல்லை. நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு ஈ.சி.ஜி. எடுக்குமுன் தசையில் ஊசி குத்தும் வழக்கத்தை எங்கள் பகுதிக் கிளினிக்குகள் இன்னும் விடாததில் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

எடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இப்போது பல இடங்களில் போடும் டெனெக்டெப்ளேஸ் என்ற கட்டி கரைக்கும் ஊசி, ஒரே தடவையில் ஐந்து பத்து நொடிக்குள் நரம்பில் செலுத்திவிடும் மருந்து. ஸ்ட்ரெப்டோகைனேஸ் போல 15 லட்சம் யூனிட்டை அரைமணி முதல் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றி, பிரஷர் இறங்கினால் நிறுத்திப் பார்க்கும் வசதி இதில் இல்லை, போட்டது போட்டதுதான். அறுபது கிலோவுக்குக் கீழே 30 மில்லிகிராம், பிறகு பத்துப் பத்துக் கிலோவுக்கு ஐந்தைந்து மில்லிகிராம் கூட்டி, தொண்ணூறும் அதற்கு மேலும் என்றால் 50. எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு அளவைப் பாதியாக்குகிறார்கள். ரத்தக்கசிவு ஆபத்து மிகுந்தவர்கள் வயதானவர்கள், எடை குறைந்தவர்கள், பெண்கள், பிரஷர் கட்டுப்படாதவர்கள். அதாவது, அவசரப் பிரிவில் சேலை சுற்றிச் சுருண்டு கிடக்கும் நம் பாட்டிகள். பார்வையிலேயே “அறுபத்தஞ்சு இருக்கும்” என்று மதிப்பிட்டுவிட்டு, பின்பு வார்டில் நிறுத்துப் பார்த்தால் நாற்பத்தெட்டு வந்ததை நான் கண்டிருக்கிறேன். படுக்கையோடு நிறுக்கும் எடைமேடை அவசரப் பிரிவில் இருந்தால் இந்த ஊகம் வேண்டியதில்லை. பக்கவாதத்துக்கும் இதே மருந்தை இப்போது வேறு அளவில் போடுகிறார்கள். இரண்டு அளவுகளும் ஒரே சுவரில் ஒட்டியிருக்கும் அறையில் கண் தவறுவதற்கு வாய்ப்பு உண்டு என்பதால், அளவை இருவர் உரக்கப் படித்துச் சரிபார்க்கும் வழக்கத்தை நான் பணியிலிருந்த காலம் முழுவதும் வற்புறுத்தினேன், அதற்காகத் திட்டும் வாங்கினேன்.

தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை, சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்துப் பார்த்த ஒரு திட்டத்தின் முடிவு 2017இல் வெளியாயிற்று. 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வில் ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6இலிருந்து 14.2ஆகக் குறைந்தார்கள். ஊசி அப்படியேதான் இருந்தது. ஊசி போட்டவரை அங்கேயே வைத்துக்கொள்ளாமல் அடுத்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பும் ஏற்பாடே மாறியது. ஊசி போட்டு அறுபது தொண்ணூறு நிமிடத்தில் மறுபடி ஈ.சி.ஜி. எடுத்து, அடைப்பு திறக்கவில்லை என்று தெரிந்தால் உடனே வண்டி கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் “இங்கயே நல்லாப் பாத்துக்கிடுவாவ” என்று உறவினர்கள் மறுப்பதையும் பார்த்திருக்கிறேன். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல காரியம். கொடுத்த நேரத்தை எழுதிய சீட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். அடுத்த இடத்தில் மறுபடி கொடுத்துவிடக் கூடாது.

ஊசி போட்டபின் ஈறில் சிறிது ரத்தம் வந்தால் பதற வேண்டாம், ஆனால் செவிலியரிடம் சொல்லுங்கள். திடீரென்று தலைவலி, வாந்தி, பேச்சுக் குளறல், அரைத்தூக்கம் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் கத்தியாவது ஆளைக் கூப்பிடுங்கள். “மயக்கமா இருக்கு, தூங்கட்டும்” என்று போர்வை போர்த்திவிடாதீர்கள். அடுத்த ஒரு நாளைக்குப் பல் தேய்ப்பதும் சவரமும் வேண்டாம்.

என் அண்ணன் இப்போது ரேஷன் கார்டு உறைக்குள் ஒரு தாள் வைத்திருக்கிறார். எடை, விழுங்கும் மாத்திரைகள், எந்த ஆண்டு எந்த ஊசி போட்டார்கள் என்பதெல்லாம் அண்ணியின் கையெழுத்தில் இருக்கின்றன. போன பொங்கலுக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன்; எடையை நான்கு முறை அடித்து எழுதியிருந்தார், கடைசியாக 61.