மணிக்கு 20 ரூபாய் காலத்தில் விட்டுப்போன விளையாட்டுகள்

போன மாதம் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) வாங்கினேன், டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடும் பெட்டி. ஸ்லிம் மாடல், இரண்டு கண்ட்ரோலர், ஒரு மெமரி கார்டு, எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். "இத்தனை வருஷத்துப் பழைய பெட்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

2006 வாக்கில் திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனையில் ஒரு கேம் கடை இருந்தது. மணிக்கு 20 ரூபாய். பள்ளிக்கூடம் விட்டால் அங்கேதான் கிடப்போம். ஆனால் இப்போது யோசித்தால், நாங்கள் ஆடியது மொத்தமே நான்கைந்து கேம்தான். கிரிக்கெட், மல்யுத்தம், 'டெக்கன்' என்ற சண்டை ஆட்டம், கார் ரேஸ். எல்லாமே பத்து நிமிடத்தில் யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துவிடுகிற ஆட்டங்கள். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு உட்காரும்போது, நாற்பது மணி நேரம் ஓடும் கதையை யார் போடுவார்கள்? போட்டாலும் சேவ், அதாவது விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான பதிவு, தங்காது. மறுநாள் வேறொருவன் அதன் மேலேயே தன்னுடையதை ஏற்றியிருப்பான்.

அப்படிக் கையைவிட்டுப் போனதுதான் 2005-இல் வந்த 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்'. இறந்த ஒரு பெண்ணை உயிர்ப்பிக்க ஓர் இளைஞன் 16 ராட்சத உருவங்களை வீழ்த்த வேண்டும். வேறு எதிரியே கிடையாது. ஊர் கிடையாது, பேச ஆள் கிடையாது. வாளை வெயிலில் உயர்த்தினால் ஒளிக்கற்றை ஒரு திசையில் குவியும், அந்தப் பக்கம் குதிரையில் போக வேண்டியதுதான். வெறும் புல்வெளியில் நிமிடக்கணக்காகப் போய்க்கொண்டே இருப்போம். ராட்சதன் மேல் ஏறியதும் கண்ட்ரோலரின் ஆர்1 பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் இளைஞன் அதன் ரோமத்தைப் பற்றியிருப்பான். அது உதறும், பிடி தளரும், நம் விரலும் வலிக்கும். முதல் ராட்சதன் சரிந்தபோது எனக்கு வெற்றிக் களிப்பே வரவில்லை, துக்கம்தான் வந்தது. அந்தப் புல்வெளிப் பயணத்தைக் கேம் கடையில் ஆடியிருந்தால், காசு வீணாகிறதே என்று பாதியில் எடுத்திருப்பேன்.

'அதுக்குத்தான் ரீமேக் வந்துடுச்சே' என்பார்கள். புதிதாகச் செய்த பதிப்பு வந்தது, 2018-இல், பிளேஸ்டேஷன் 4-க்கு. அந்தக் கொடுப்பினை எத்தனை கேமுக்கு வாய்த்தது? 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்கிறது, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு. ஆன்லைன் கடைகளையும் நம்பியிருக்க முடியாது. வீ யூ, 3டிஎஸ் என்ற தன் இரண்டு கேம் கருவிகளின் கடைகளையும் நின்டெண்டோ 2023 மார்ச்சில் மூடியது. 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டியின் கடையும் போனது. டிஸ்க் மட்டும் யார் தயவும் இல்லாமல் நம் அலமாரியில் இருக்கிறது. பிஎஸ்2 உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்ற பெட்டி என்பதால் செகண்ட் ஹேண்டில் இன்னும் கிடைக்கிறது. தயங்காமல் வாங்குங்கள்.

வாங்கப் போனால் கையோடு ஒரு டிஸ்க் கொண்டுபோங்கள். பவர் லைட் எரிவதை மட்டும் பார்த்துத் தலையாட்டாமல் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். லென்ஸ் தேய்ந்திருந்தால் லோடிங்கில் திணறும், அங்கேயே தெரிந்துவிடும். வெளிநாட்டு டிஸ்க் பலவும் நம்மூர்ப் பெட்டியில் ஓடாது, அதையும் கேட்டு வாங்குங்கள். புது டிவியில் மஞ்சள்-சிவப்பு-வெள்ளை கேபிள் மாட்டினால் படம் கலங்கித் தெரியும். நான் அம்மா வீட்டுப் பரணிலிருந்து பழைய டப்பா டிவியை இறக்கினேன். என்ன அழகு தெரியுமா! இந்தப் படம் அந்தத் திரைக்காகவே வரைந்தது.

அப்புறம் அந்த மெமரி கார்டு. 8 எம்பி. அதில் பழைய சொந்தக்காரர் 'ஃபைனல் ஃபேண்டஸி 10' என்ற நீண்ட கதை கேமை ஆடிய சேவ் அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தேடிப்பிடித்து அந்த டிஸ்க்கையும் வாங்கினேன். திரையில் அவர் ஆடிய நேரம் வந்தது: 61 மணி. யாரோ ஒருவர், ஏதோ ஒரு வீட்டில், மணிக்கணக்குப் பார்க்காமல் உட்கார்ந்து ஆடியிருக்கிறார்.

அதை அழிக்க மனம் வரவில்லை. அதற்குக் கீழே இன்னொரு இடத்தில் என்னுடையதைச் சேவ் செய்தேன். நேற்று இரவு வரை 2 மணி 10 நிமிடம்.