நான் சும்மா மிட்டாய் உடைக்கிறேன்

நேற்று சாயங்காலம் ஏலத் தோட்டத்து ஜீப்பை விட்டு இறங்கின கையோடு ஒரு அக்கா கம்பத்தில் எங்கள் செல்போன் கடைக்கு வந்தார். டிஸ்பிளே நொறுங்கிப் போயிருந்தது. போட்டோ போனால்கூடப் பரவாயில்லையாம், லெவல் மட்டும் போயிடக் கூடாதாம். தினமும் குமுளி மலை ஏறும்போதும் இறங்கும்போதும் ஆடி ஆடியே கேண்டி கிரஷ்ஷில் 2,000 லெவலைத் தாண்டியிருக்கிறார்.

"அப்ப நீங்க பெரிய கேமர்தான்க்கா" என்றேன்.

"போடா, அதெல்லாம் வேல வெட்டி இல்லாத பயலுக ஆடுறது. நான் சும்மா மிட்டாய் உடைக்கிறேன்."

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அமெரிக்காவிலும் இதே கதைதான். 2015இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது பெரியவர்களில் 49 சதவீதம் பேர் வீடியோ கேம் ஆடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், தன்னை கேமர் என்று சொல்லிக்கொண்டதோ 10 சதவீதம். 18லிருந்து 29 வயதுக்காரர்களில் அப்படிச் சொல்லிக்கொண்டது ஆண்களில் 33 சதவீதம், பெண்களில் வெறும் 9.

அந்த 9 ஏன் என்று எனக்கு எங்கள் ஸ்குவாடைப் பார்த்தாலே தெரியும். பிஜிஎம்ஐ (பப்ஜி என்கிற துப்பாக்கிச் சண்டை கேமின் இந்திய வடிவம்) ஆடுகிற நாலு பேரில் உருப்படியாகச் சுடுகிறது குமுளியில் இருந்து வரும் தங்கச்சி ஒருத்திதான், நர்சிங் படிக்கிறாள். மைக் போடவே மாட்டாள். எங்களில் ஆள் குறைந்து வெளியாள் யாராவது சேர்ந்த நாளில் போட்டால், மலையாளத்துப் பையன் "சேச்சி, இன்ஸ்டா ஐடி தருமோ" என்பான், நம்ம ஊர்ப் பயல் "போய்ச் சோறாக்கு" என்பான் (இதில் மட்டும் எல்லை தாண்டிய ஒற்றுமை). கேட்டால் அவளும் "நான் கேமர்லாம் இல்லண்ணே, சும்மா" என்கிறாள். எப்போதும் முதல் ஆளாகச் செத்து லாபிக்குப் போகிற என் சித்தப்பா பையன் இன்ஸ்டா பயோவில் 'புரோ கேமர்' என்று போட்டிருக்கிறான்.

பெரியவர்களைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது எங்கள் அம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டார், 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸுக்கு, அதாவது வீடியோ கேம் போட்டிக்குப் பதக்கமே கொடுத்தார்கள் என்று சொன்னால் இன்றைக்கும் நம்ப மாட்டார். சரி, அது அவர் காலம். கேமர் என்றால் துப்பாக்கி, ஹெட்செட், ஆம்பளைப் பையன் என்று வேலி போட்டது யாரு? நாங்கதானே, இருபதுகளில் இருக்கிற நாங்கதான். நானும் அந்த அக்காவைக் கிண்டலாகத்தானே கேமர் என்று கூப்பிட்டேன்.

டிஸ்பிளே மாற்றிக் கொடுத்ததும் அக்கா முதலில் திறந்தது வாட்ஸப்பை இல்லை. லெவல் இருந்தது. கடை வாசல் படியிலேயே உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடி முடித்துவிட்டுத்தான் காசையே எடுத்தார்.