பேஷ்வாவின் நாடு

என் லாத்தா (அக்கா) மகன் தஜிகிஸ்தானில் மருத்துவம் படிக்கிறான். அவனைச் சேர்க்கும்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்த நாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சரியாகத் தெரியாது. "ஆப்கானிஸ்தான் பக்கத்துலயா?" என்று கேட்ட உம்மா அன்று இரவு சாப்பிடவே இல்லை. ஆமாம், பக்கத்தில்தான். நடுவில் பஞ்ச் என்ற ஆறு ஓடுகிறது. சில இடங்களில் இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையில் கழுதை ஓட்டிப் போகிறவரின் சத்தம் கேட்குமாம்.

போன முதல் மாதமே போனில் சொன்னான்: "மாமா, இங்க அதிபரை பேஷ்வான்னு சொல்றாங்க." பள்ளிக்கூடத்தில் மராத்திய பேஷ்வாக்களைப் படித்த எனக்கு ஆச்சரியம். தேடிப் பார்த்தால் ஒரே சொல்தான். பாரசீகத்தில் பேஷ்வா என்றால் முன்னால் நிற்பவர், தலைவர். அதிபர் எமொமாலி ரஹ்மோனுக்கு 2015 டிசம்பரில் சட்டம் போட்டு ஒரு பட்டம் கொடுத்திருக்கிறார்கள்: 'அமைதியையும் தேச ஒற்றுமையையும் நிறுவியவர், தேசத்தின் தலைவர்'. அதன் பின்பாதிதான் அவர்கள் மொழியில் 'பேஷ்வாயி மில்லத்'.

அன்றிலிருந்து இந்த நாட்டைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். அந்தப் பட்டத்தின் முன்பாதி எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அமைதியை அவர் ஒருவர் நிறுவவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் முதலில் நாட்டைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மக்கள்தொகை ஒரு கோடி அளவுதான். நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலை. கிழக்கே பாமிர். அங்கே 7,495 மீட்டர் உயரத்தில் ஒரு சிகரம் இருக்கிறது. அதற்கு முதலில் ஸ்டாலின் பெயர், பிறகு கம்யூனிசத்தின் பெயர், 1998 முதல் இஸ்மாயில் சொமோனி என்ற பழைய மன்னரின் பெயர். தலைநகர் துஷன்பே. துஷன்பே என்றால் அவர்கள் மொழியில் திங்கட்கிழமை. திங்கள்தோறும் சந்தை கூடிய சிற்றூர் அது. 1929 முதல் 1961 வரை அந்த ஊரும் ஸ்டாலினாபாத் என்ற பெயரைச் சுமந்தது.

மொழி பாரசீகம்தான். ஈரானில் ஃபார்சி, ஆப்கானிஸ்தானில் தாரி, இங்கே தஜிக். ஒரு தெஹ்ரான்காரரும் துஷன்பேக்காரரும் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் புரிந்துவிடும். எழுதிக் காட்டினால் புரியாது. சோவியத் அரசு 1920களின் கடைசியில் அரபு எழுத்தை எடுத்துவிட்டு லத்தீன் எழுத்தைக் கொண்டுவந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதையும் மாற்றி ரஷ்ய எழுத்தைத் திணித்தது. ஒரே ஆயுளில் இரண்டு முறை கைநாட்டு ஆக்கப்பட்ட தலைமுறை அது. இன்றைக்கும் ரஷ்ய எழுத்துத்தான். தஜிக் பேசும் பழைய பெருநகரங்களான சமர்கந்தும் புகாராவும், எல்லை பிரித்தபோது உஸ்பெகிஸ்தானுக்குப் போய்விட்டன. இவர்கள் பணத்துக்குச் சொமோனி என்று பெயர். சொமோனி மன்னர்களின் தலைநகரமோ புகாரா. தங்கள் நாணயத்தில் இருக்கும் அரச குலத்தின் ஊருக்குப் போக இவர்கள் எல்லையைத் தாண்ட வேண்டும்.

அரசாங்கத்தைப் பற்றிப் படிக்கும்போது ஒரு விநோதம். பாதிச் சொற்கள் நமக்குத் தெரிந்தவை. ஆற்காட்டு நவாப் தர்பாரில் பாரசீகம் புழங்கியதால் சர்க்கார், தாசில்தார், ரசீது, பந்தோபஸ்து, சிப்பாய் எல்லாம் நம் வாயில் தங்கிவிட்டன. தஜிகிஸ்தானில் நாடாளுமன்றம் 'மஜ்லிசி ஓலி', அதாவது உயர்ந்த மஜ்லிஸ், சபை. கீழவையில் 63 பேர். மேலவையில் 33 பேர், அதில் 8 பேரை அதிபரே நியமிக்கிறார். மாகாணம் விலாயத். அதற்குக் கீழே, ஊர்களின் மட்டத்தில் இருப்பது ஜமாஅத். நமக்கு ஜமாஅத் என்றால் பள்ளிவாசலைச் சுற்றிய ஊர்க்கட்டு. அங்கே அது சர்க்காரின் கடைசிப் படி. அதிபரைக் குறிப்பிடும்போது அதிகாரிகள் 'ஜனோபி ஓலி' என்கிறார்கள். நம் கல்யாணப் பத்திரிகைகளில் பெயருக்கு முன்னால் போடும் அதே ஜனாப்.

அரசியல் சட்டம் 1994 நவம்பரில் வந்தது. அதிபர் பதவிக்காலம் இப்போது ஏழு ஆண்டு. 2016இல் ஒரு பொதுவாக்கெடுப்பு நடத்தி, எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டியிடலாம் என்று ரஹ்மோனுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். அதே வாக்கெடுப்பில் அதிபர் வேட்பாளரின் குறைந்தபட்ச வயது 35இலிருந்து 30 ஆனது. அப்போது அவருடைய மூத்த மகன் ருஸ்தமுக்கு வயது 28. அடுத்த ஆண்டு ருஸ்தம் துஷன்பே மேயர். 2020இல் மேலவைத் தலைவர். அதிபர் பதவி காலியானால் இடைக்காலத்தில் அந்த நாற்காலிக்கு வருபவர் மேலவைத் தலைவர்தான். மகள் ஒசோதா 2016 முதல் அதிபர் அலுவலகத்தின் தலைவர். 2020 தேர்தலில் ரஹ்மோனுக்குக் கிடைத்ததாக அறிவித்தது கிட்டத்தட்ட 91 சதவீத வாக்கு.

சரி, அமைதிக்கு வருகிறேன்.

1991 செப்டம்பரில் சுதந்திரம். எட்டு மாதத்தில் உள்நாட்டுப் போர். சோவியத் காலத்தில் அங்கே ஒரு பேச்சு உண்டாம்: லெனினாபாத் ஆளும், கர்ம் வியாபாரம் பண்ணும், கூலாப் காவல் காக்கும், பாமிர் ஆடும், குர்கோன்தெப்பா உழும். எல்லாம் ஊர்ப் பெயர்கள். அப்படி ஊர் ஊராகப் பிரிந்து கிடந்த நாடு, மேலே இருந்த மாஸ்கோ காணாமல் போனதும் யார் ஆள்வது என்று அடித்துக்கொண்டது. 1992 வசந்தத்தில் துஷன்பேயில் இரண்டு சதுக்கங்களில் இரண்டு கூட்டம் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. ஷஹிதோன் சதுக்கத்தில் எதிர்க்கட்சிகள்: ஜனநாயகம் கேட்டவர்கள், இஸ்லாமிய மறுமலர்ச்சிக் கட்சி, பாமிர்க்காரர்கள். ஓசோதி சதுக்கத்தில் அரசு ஆதரவாளர்கள். நடுவில் இருந்த தூரம் நடந்தே போகக்கூடியது. யாராவது நடந்து போய்ப் பேசியிருக்கக் கூடாதா என்று படிக்கும்போதெல்லாம் நினைக்கிறேன். மே மாதத்தில் துப்பாக்கி வந்தது. செப்டம்பரில் அதிபர் நபியேவை விமான நிலையத்தில் வழிமறித்து, துப்பாக்கி முனையில் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். பிறகு எந்த ஊரில் பிறந்தாய் என்று கேட்டுக் கொல்லும் காலம் வந்தது. பல பத்தாயிரம் பேர் இறந்தார்கள். லட்சக்கணக்கானோர் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த டிசம்பர் குளிரில் பஞ்ச், ஆமு ஆறுகளைத் தாண்டி, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த ஆப்கானிஸ்தானுக்குத் தப்பியவர்கள் மட்டுமே பல ஆயிரம் பேர்.

அந்த நவம்பரில் குஜந்த் நகரில் கூடிய சபைதான் ரஹ்மோனைத் தலைமைக்குக் கொண்டுவந்தது. வயது 40. கூலாப் பக்கத்து அரசுப் பண்ணை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தவர். அவருக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். 1997 ஜூன் 27 அன்று மாஸ்கோவில் போரை முடித்த அமைதி ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். தன் தரப்பில் பலர் அதை விரும்பாத நேரத்தில் போட்டார். அது சின்ன காரியம் இல்லை. ஆனால் அதே தாளில் இன்னொரு கையெழுத்தும் இருக்கிறது, எதிரணித் தலைவர் சையித் அப்துல்லோ நூரியுடையது. அவரும் தன் ஆட்களிடம் துப்பாக்கியைக் கீழே வை என்று சொன்னார். அரசுப் பதவிகளில் 30 சதவீதம் எதிரணிக்கு என்பது ஒப்பந்தம். மத்திய ஆசியாவிலேயே சட்டப்படி இயங்கிய ஒரே இஸ்லாமியக் கட்சியாக அந்த மறுமலர்ச்சிக் கட்சி அதற்குப் பிறகு அங்கே இருந்தது. தேர்தலில் நின்றது, இரண்டு இடம் ஜெயித்தது, தோற்றது, மறுபடி நின்றது. சண்டை போட்டவர்கள் ஓட்டுக் கேட்டு வீதியில் நடந்தார்கள். இதைவிட ஒரு நாட்டுக்கு என்ன பெருமை வேண்டும்?

அந்த 30 சதவீதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நூரி 2006இல் இறந்தார். 2015 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்சியைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தது. துணைத் தலைவர்கள் இருவருக்கு ஆயுள் தண்டனை. அவர்களுக்காக வாதாட முன்வந்த வழக்கறிஞர் புஸுர்க்மெஹ்ர் யோரோவை அதே மாதம் பிடித்து, மறு ஆண்டு 23 வருடம் சிறை கொடுத்தார்கள். குற்றவாளி என்று சொல்லப்பட்டவனுக்கு வக்கீலாக நின்றதற்கு 23 வருடம்! கட்சியைத் தடை செய்த மூன்று மாதத்தில்தான் அமைதியை நிறுவியவர் என்ற பட்டம் வருகிறது. இரண்டு பேர் கட்டிய வீட்டில் ஒருவரை வெளியே தள்ளிவிட்டு, வாசலில் தன் பெயரை மட்டும் எழுதிக்கொள்வதாகத்தான் எனக்கு இது படுகிறது.

பாமிரிலும் இதே கதை. அந்தத் தன்னாட்சி விலாயத் நாட்டின் பரப்பில் கிட்டத்தட்ட பாதி. மக்களோ மிகக் குறைவு, பெரும்பாலும் ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவினரான இஸ்மாயிலிகள், வீட்டில் பேசுவது தஜிக் அல்லாத தனி மொழிகள். 2021 நவம்பரில் கொரோக் நகரில் ஓர் உள்ளூர் இளைஞரை அரசுப் படைகள் கொன்றதைக் கண்டித்து மக்கள் கூடினார்கள். இணையத்தை நான்கு மாதம் துண்டித்தார்கள். 2022 மே மாதத்தில் நடந்த அடக்குமுறையில் பலர் கொல்லப்பட்டார்கள்.

"போர் வேண்டாம் என்றால் வாயை மூடு" என்பதுதான் அங்கே ஆட்சி நடக்கும் முறை. போரைப் பார்த்த பெற்றோர்கள் அதை ஏற்றுக்கொள்வது எனக்குப் புரிகிறது. நானாக இருந்தாலும் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியிருப்பேன். ஆனால் அந்தப் பயத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு எதுவரை போகிறார்கள் பாருங்கள். 2011 சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்த பையன்கள் பள்ளிவாசலில் தொழப் போகக் கூடாது, ஜனாஸா (இறுதிச் சடங்கு) தவிர. 2015இல் கத்லோன் விலாயத்தில் மட்டும் சுமார் 13,000 ஆண்களின் தாடியைப் போலீஸ் 'ஒழுங்குபடுத்தியதாக' அவர்களே கணக்குச் சொன்னார்கள். 2024இல் 'அந்நிய உடை' என்று ஹிஜாபுக்குத் தடை. ஈரானில் தலைத்துணி சரியாகப் போடவில்லை என்று பிடித்த பெண் 2022இல் காவலில் இறந்தார். ஆப்கானிஸ்தானில் முகத்தையே மூடு என்கிறார்கள். தஜிகிஸ்தானில் கழற்று என்கிறார்கள். ஒரே மொழி பேசும் மூன்று நாட்டிலும் பெண்ணின் தலையைப் பற்றி முடிவெடுப்பது அவள் இல்லை. என் மகள் ஹிஜாப் அணிகிறாள், அவள் விருப்பம். அதனால்தான் இந்த மூன்றும் எனக்கு ஒன்றாகவே வலிக்கிறது.

ஒரு சட்டம் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2007இல் கல்யாணத்துக்கு இத்தனை பேருக்கு மேல் கூப்பிடக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். ஏழை வீட்டுக் கடனை அது உண்மையாகவே குறைத்திருக்கும்.

ஏழைகள்தான் அதிகம். லட்சக்கணக்கான ஆண்கள் ரஷ்யாவில் கட்டட வேலையிலும் சந்தைகளிலும். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டும் ஆண்டுகள் உண்டு. 2024 மார்ச்சில் மாஸ்கோ இசையரங்கில் நடந்த கொலைவெறித் தாக்குதலில் பிடிபட்டவர்கள் தஜிக்குகள் என்றதும், ஒன்றும் அறியாத தொழிலாளிகள் மேல் அடி விழுந்தது. 300 மீட்டர் உயர நூரெக் அணை இருக்கிறது, அதைவிட உயரமாக ரோகுன் அணையைக் கட்டுகிறார்கள், ஆனால் குளிர்காலத்தில் கிராமங்களுக்குக் கரண்ட் சில மணி நேரம்தான்.

என் மருமகன் வாடகைக்கு இருக்கும் வீட்டுப் பெண்ணின் கணவரும் ரஷ்யாவில். அந்தப் பெண்ணை இவன் 'ஹோலா' என்று கூப்பிடுகிறான், உம்மாவின் சகோதரியை நாம் காலா என்பதைப் போல. ஊரும் பெயரும் இங்கே வேண்டாம். போன ரமலானில் அவர் ஒரு பழைய குர்ஆனைக் கொண்டுவந்து, கடைசிப் பக்கத்தில் தாத்தா கையால் எழுதியிருப்பதை வாசிக்க முடியுமா என்று கேட்டாராம். அவருக்கு ரஷ்ய எழுத்து மட்டுமே தெரியும். இவன் மதரஸாவில் ஓதியவன், எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது. ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிக் கூட்டி இவன் தப்பும் தவறுமாக வாசிக்க, அவர் காதில் வாங்கித் திருத்தித் திருத்திச் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரம் ஆனதாம். மேலே குடும்பத்தில் யார் யார் எப்போது பிறந்தார்கள் என்ற குறிப்பு. கீழே 1992 குளிர்காலத்தில் ஒரு தேதி, ஆற்றின் பெயர், அன்று இரவு அதைத் தாண்டியவர்களின் பெயர்கள். ஒன்பது பெயர். எட்டு வரை நிறுத்தாமல் வாசித்தவனுக்கு ஒன்பதாவது பிடிபடவில்லை. எழுத்தை மட்டும் சொன்னான். ஹோலா சிரித்துக்கொண்டே அழுதாராம். அப்போது அவருக்கு ஏழு வயது.