பெருசை முதல்ல முடிக்கச் சொன்ன கருத்துக்கு ஒரு திருத்தம்

"தலைக்கு மேல போயிடுச்சுன்னா எல்லாத்தையும் எழுதி, இருக்கிறதுலயே பெரிய பிரச்சினையை முதல்ல முடிங்க, மத்தது தானா சரியாகும்"னு மேல ஒருத்தர் போட்டிருக்கார். எழுதச் சொன்னது சரி. வரிசைதான் தப்பு.

கடன், வேலை, வீட்டுச் சண்டை எல்லாம் ஒரே நாள்ல முடியாது. அதோட மல்லுக்கட்டுறப்போ சின்னதோட கெடு தாண்டிடும். கரண்ட் பில் கட்ட, ரீடிங் எடுத்த நாள்லேர்ந்து 20 நாள்தான். விட்டா ஃபியூஸைப் பிடுங்குவாங்க, திரும்பப் போட தனியா காசு. சென்னை தங்கசாலைப் பக்கம் சேட்டு அடகுக் கடையில நகை வச்சிருந்தா ரசீதைத் திருப்பிப் பாருங்க: மீட்கக் கெடு 1 வருஷம் 7 நாள். அதனால ஒவ்வொரு வரி பக்கத்துலயும் கெடு தேதி போட்டு, கிட்ட இருக்கிறதை மேல ஏத்துங்க.

இன்னொண்ணு, "பணப் பிரச்சினை"ன்னு எழுதினா கை ஓடாது. "வண்டி டியூவை 5ஆம் தேதியிலேர்ந்து 12க்குத் தள்ள முடியுமான்னு ஃபைனான்ஸுக்கு போன், காலை 10 மணி"ன்னு எழுதணும். பத்து நிமிஷத்துல தொடங்கக்கூடிய வேலையா இருக்கணும். ஒரு நாளைக்கு மூணு போதும். இருபது வரி எழுதி ராத்திரி 11 மணிக்கு உத்துப் பார்த்தா தூக்கம்தான் போகும் (பலர் கைவிடுறது இங்கதான்). சாயங்காலமே எழுதி மடிச்சு வச்சிடுங்க.

உங்க கையில இல்லாதது, கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை மாதிரி, உங்க லிஸ்ட்ல வேண்டாம்; ஜன்னலைச் சாத்துறது வேணா வரலாம்.

ரெண்டு வாரமா தூக்கமும் சாப்பாடும் இல்லன்னா லிஸ்ட் உதவாது. 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம்.