ரீச் எப்படி ஏத்துறது என்று கேட்ட தம்பிக்கு

போன திங்கட்கிழமை தருமபுரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். மனுவோடு நின்ற கூட்டத்தைப் படம் எடுத்துவிட்டு வெளியே டீக்கடைக்கு வந்தேன். புதிதாக நிருபர் வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணா, ஃபேஸ்புக்ல ரீச் எப்படிண்ணா ஏத்துறது? நான் என்ன போட்டாலும் முந்நூறு வியூ தாண்ட மாட்டேங்குது." பதினெட்டு வருசமாகத் தாலுகா நிருபராகக் குப்பை கொட்டுகிறவனுக்கு ஏதாவது சூட்சுமம் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பான் போல. டீ ஆறுவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

எனக்கு எக்கச்சக்கமாக ரீச் கிடைத்த நாளிலிருந்தே தொடங்குகிறேன். சில வருசங்களுக்கு முன்பு, ஆடிப்பெருக்குக்கு நான்கு நாள் இருந்தது. ஒகேனக்கல்லில் வெள்ளம் சீறிப் பாயும் வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவர் தெரிந்தவர். கர்நாடகத்தில் அணை திறந்துவிட்டார்கள் என்ற பேச்சும் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் நானே முடிச்சுப் போட்டு, 'ஒகேனக்கல்லில் வெள்ளப்பெருக்கு' என்று எழுதிப் போட்டுவிட்டேன். மத்தியானத்துக்குள் ஆயிரம் ஷேர் தாண்டியது. அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை, போனைப் பார்த்துப் பூரித்ததில்.

சாயங்காலம் பரிசல் ஓட்டி ஒருவர் கூப்பிட்டார். திட்டவில்லை. "சார், வீடியோவுல துறையோரம் ஒரு மரம் தெரியுது பாருங்க, அது சாஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு. இன்னிக்குத் தண்ணி சாதாரணமாத்தான் போகுது, பரிசலும் ஓடுது. பெங்களூர்ல இருந்து வர்றதா இருந்த ரெண்டு வேன் உங்க வீடியோவைப் பார்த்துட்டு வரலைன்னுட்டாங்க." அவ்வளவுதான். வருசத்தில் நாலு காசு பார்க்கிற நாட்களில் ஒரு நாளை அவரிடமிருந்து நான் பிடுங்கியிருந்தேன்.

உடனே பதிவை அழித்தேன். அது இரண்டாவது தப்பு, முதலாவதைவிடப் பெரியது. அழிந்தது என் பக்கத்தில் மட்டும்தான். 'நிருபரே போட்டிருக்கார்' என்ற வரியோடு வீடியோ மறுநாளும் குரூப் குரூப்பாகச் சுற்றியது. சந்தேகப்பட்டு என் பக்கத்துக்கு வந்து பார்த்தவருக்கு அங்கே செய்தியும் இல்லை, மறுப்பும் இல்லை. இப்போதெல்லாம் தப்பு நடந்தால் அழிப்பதில்லை. அதே பதிவின் முதல் வரியில் 'இது பழைய வீடியோ, தவறாகப் போட்டுவிட்டேன்' என்று எழுதுகிறேன். எந்தெந்த குரூப்பில் போட்டேனோ அங்கெல்லாம் போய் அதையே சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கும். பதிவுக்குக் கிடைத்த ஷேரில் நூற்றில் ஒரு பங்குகூட மறுப்புக்குக் கிடைக்காது, அதுவும் தெரியும்.

தண்ணீர்ச் செய்தியில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. காலையில் விநாடிக்கு 8,000 கன அடி என்று எழுதினால், கர்நாடக அணைகளான கபினியிலோ கிருஷ்ணராஜ சாகரிலோ திறந்துவிட்ட தண்ணீர் வந்து சேரும்போது அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். செய்தித்தாளில் மேலே தேதி அச்சாகி வரும், நமக்குக் கவலையில்லை. போனில் அப்படி இல்லை. ஃபார்வேர்டு ஆக ஆக முதலில் உதிர்வது தேதிதான். அதனால் நாளையும் நேரத்தையும் படத்தின் மேலேயே எழுதிவிடு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு போகும்.

வீடியோ பழையதா என்று பார்க்க கூகுள் லென்ஸ் இருக்கிறது. வீடியோவை நிறுத்தி, ஒரு காட்சியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டுத் தேடினால் பல நேரம் பூர்வீகம் வந்துவிடும். அதற்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குச் சோம்பல் பட்டால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி வந்தபோது, பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் சாமி கும்பிட வந்த குடும்பத்தையே அடித்தார்கள், ஒரு பாட்டி செத்தே போனார். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று எங்கெங்கோ எடுத்த வீடியோக்களைப் பரப்பினார்கள். ஓசூர் மாதிரி தொழிற்சாலை ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பார்.

யானை விஷயத்துக்கு வருகிறேன், நம் பக்கத்தில் அதிகம் கெட்டுக்கிடப்பது இதுதான். ராகி கதிர் முற்றும் நேரத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று இறங்கிவரும். அந்தச் செய்தி மக்களுக்கு வேண்டும், உயிர்ச் செய்தி. எந்த ஊர்க்காரர் ராத்திரி காவலுக்குப் போகக் கூடாது, எந்த வழியில் பைக்கில் வரக் கூடாது என்பதை எழுது. அதை விட்டுவிட்டு ஏரிக்கரையில் நின்று லைவ் போட்டால், அரை மணி நேரத்தில் இருநூறு பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். யானை மிரளும். விரட்ட வந்த வனத்துறை ஆட்கள் யானையை விட்டுவிட்டு ஜனத்தை விரட்ட வேண்டியிருக்கும். லைவ் போட்டவன் மறுநாள் 'யானைகள் அட்டகாசம்' என்று தலைப்பு வைப்பான். யார் செய்த அட்டகாசம்?

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தபோது, தப்பிய இரண்டு குட்டிகள் அங்கேயே நின்ற காட்சி நாடெங்கும் போனது. பார்த்தவர்கள் அழுதார்கள். சரி. வேலிக்குக் கரண்ட் எப்படி வந்தது, ஏன் ஒரு விவசாயி அந்த அளவுக்குப் போகிறார் என்று எழுதிய பதிவுகளை அழுதவர்களில் எத்தனை பேர் படித்தார்கள்?

குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் செய்திகளில் ஒரு வார்த்தை. போக்சோ சட்டம் 23ஆவது பிரிவு குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் என எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. ஃபேஸ்புக் பதிவு மட்டும் விதிவிலக்கு இல்லை. முகத்தை மங்கலாக்கிவிட்டு ஊர்ப் பெயரையும் அப்பாவின் தொழிலையும் போடுகிறார்கள். நூறு வீடு உள்ள ஊரில் லாரி டிரைவர் மகள் என்றால் யார் என்று கேட்கவா வேண்டும்?

இனி ரீச். உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரியாது தம்பி. போன், டேட்டா, பெட்ரோல் எல்லாம் நம் காசு, இதில் வியூ கணக்கும் கேட்கிறார்கள் என்ற எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் எனக்கு ஃபேஸ்புக்கால் நடந்த நல்லதெல்லாம் கமெண்டில் நடந்தது. பாலக்கோடு தக்காளி மார்க்கெட் விலையை ஒரு நாள் கூடைக்கு இவ்வளவு என்று போட்டேன். கீழே ஒரு விவசாயி எழுதினார்: "கூடைக்கு எத்தனை கிலோன்னு கேட்டீங்களா?" கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய் நின்றேன். கணக்குக்கு ஒரு எடை, தராசில் ஒரு எடை. இரண்டு வாரத்துக்குச் செய்தி கிடைத்தது. அந்தக் கமெண்டுக்கு ஒரே ஒரு லைக், அதுவும் என்னுடையது.

நேற்றுக் காலை அந்தத் தம்பி ஒரு படம் அனுப்பினான். கிருஷ்ணகிரி கேஆர்பி அணையின் மதகு, வெளியேறும் தண்ணீர், கீழே 'போடலாமாண்ணா?' என்று ஒரு வரி. படம் நன்றாக இருந்தது. எப்போது எடுத்தது என்று கேட்டேன். பத்து நிமிடம் பதிலே இல்லை. அப்புறம் வந்தது: "ஃப்ரெண்டு அனுப்பினதுண்ணா. வண்டி எடுத்துட்டேன், நேர்ல போய்ப் பார்த்துட்டு வர்றேன்."