கட்சிப் பெயர் இல்லாத வாக்குச் சீட்டு

அமெரிக்க அரசியலைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பலரும் ஒரே விளக்கத்தைத்தான் தருகிறார்கள். அங்கே இரண்டு வகை மனிதர்கள் இருக்கிறார்களாம். ஒரு வகைக்குக் கடவுள், குடும்பம், துப்பாக்கி, கொடி. இன்னொரு வகைக்குச் சமத்துவம், உரிமை, பரிவு. எது சரி எது தப்பு என்பதிலேயே ஒட்டாதவர்கள் எப்படி ஒரு நாடாக இருப்பார்கள் என்று முடிப்பார்கள்.

ஜோனதன் ஹைட் என்ற உளவியலாளர் இதையே பக்குவமாகச் சொன்னார். ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாயும் லிபரல்கள் பெரும்பாலும் பரிவையும் நியாயத்தையும் வைத்து ஒரு செயலை எடைபோடுகிறார்கள். குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் கன்சர்வேட்டிவ்கள் அவற்றோடு விசுவாசம், அதிகாரத்துக்கு மரியாதை, புனிதம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அமெரிக்கா இன்று இருக்கும் நிலைக்கு இதுதான் காரணம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. என் கணக்கில் முதலில் வருவது கட்சி. அறம் பல சமயம் அதன் பின்னால்தான் வருகிறது.

நான் இருப்பது கான்சாஸ் சிட்டி வட்டாரம். இந்த ஊர் இரண்டு மாநிலங்களில் விரிந்து கிடக்கிறது. ஸ்டேட் லைன் ரோடு என்றே ஒரு சாலை உண்டு; அதற்கு மேற்கே கான்சாஸ், கிழக்கே மிசோரி. கான்சாஸ் கடைசியாக ஒரு ஜனநாயகக் கட்சிக்காரரை அதிபர் தேர்தலில் ஜெயிக்க வைத்தது 1964-இல். மிசோரி 1996-இல். எனக்கு இங்கே ஓட்டு கிடையாது, வேடிக்கை பார்ப்பதோடு சரி. ஆனால் வேடிக்கை பார்க்க இதைவிட நல்ல இடம் அமைவது கஷ்டம்.

2022 ஜூன் 24 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைத் தூக்கி எறிந்தது. அன்றைக்கே மிசோரியில் தடை வந்துவிட்டது. கான்சாஸில் அப்படிச் செய்ய முடியவில்லை. மாநில அரசியலமைப்பே அந்த உரிமையைக் காக்கிறது என்று அங்கத்திய உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதை மாற்ற ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தை ஆகஸ்ட் 2-ஆம் தேதி மக்கள் முன் வைத்தார்கள். கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல் நாள் அது. ஜனநாயகக் கட்சிக்காரர்களும் கட்சி சாராதவர்களும் அதிகம் எட்டிப் பார்க்காத நாள். நாளைத் தேர்ந்தெடுத்ததிலேயே கணக்கு இருந்தது.

கான்சாஸில் இந்தப் பிரச்சினை சாதாரணமானதல்ல. 1991-இல் விச்சிட்டா நகரக் கிளினிக்குகளை வாரக்கணக்கில் முற்றுகையிட்டு, ஆயிரக்கணக்கானோர் கைதான ஊர் இது. 2009-இல் கருக்கலைப்பு மருத்துவர் ஜார்ஜ் டில்லரை அவருடைய தேவாலயத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை காலையில், சுட்டுக் கொன்றார்கள். அறம் வேறு, அரசியல் வேறு என்று பிரித்துப் பார்க்கும் மண் இல்லை. 2020-இல் டிரம்ப்புக்குச் சுமார் 15 புள்ளி முன்னிலை கொடுத்த மண்ணும்கூட.

முடிவு வந்தது. ஏறத்தாழ 59-க்கு 41 என்று திருத்தம் தோற்றது. நகரத்து மக்கள் மட்டும் போட்ட ஓட்டில்லை. ஓசேஜ் கவுண்டி, டிரம்ப்புக்குப் பத்தில் ஏழு ஓட்டு விழுந்த கிராமப்புறம். அங்கேயும் திருத்தம் 'வேண்டாம்' என்ற தரப்புதான் ஜெயித்தது.

அந்தப் பிரசாரத்தில் நான் கவனித்தது ஒன்று உண்டு. 'வேண்டாம்' தரப்பின் விளம்பரங்கள் சில பெண்ணுரிமை பற்றியே பேசவில்லை. அரசாங்கம் உங்கள் சொந்த விஷயத்தில் மூக்கை நுழைக்கப் பார்க்கிறது, விடாதீர்கள் என்றன. கொரோனா காலத்துக் கட்டுப்பாடுகளை நினைவுபடுத்தும் காட்சிகள்கூட வந்தன. முகக்கவசத்தை வெறுத்தவரிடம் முகக்கவசத்தைக் காட்டியே ஓட்டுக் கேட்டார்கள்! எதிராளியின் மதிப்பீடுகளிலிருந்து பேசினால் எடுபடும் என்று மேத்யூ ஃபைன்பர்க், ராப் வில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பரிசோதனையில், எதிர்த்தரப்பை வசப்படுத்த ஒரு வாதம் எழுதுங்கள் என்று கேட்டபோது, எதிராளியின் மதிப்பீடுகளை வைத்து எழுதியவர்கள் இரு பக்கத்திலும் பத்தில் ஒருவர்கூட இல்லை.

சரி, கான்சாஸ் மாறிவிட்டதா? இல்லை. 2022 நவம்பரில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் லாரா கெல்லி தப்பிப் பிழைத்தார். சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சியின் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே நின்றது. 2024-இல் டிரம்ப் மறுபடி சுமார் 16 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சாலைக்குக் கிழக்கே நடந்தது இன்னும் விசித்திரம். 2024 நவம்பர் 5. ஒரே நாள், ஒரே சீட்டு. மிசோரி மக்களில் 58 சதவீதத்துக்கு மேல் டிரம்ப்புக்குப் போட்டார்கள். அதே சீட்டில் கருக்கலைப்பு உரிமைக்கு 51 சதவீதத்துக்கு மேல். குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தி, சம்பளத்தோடு நோய் விடுப்பும் தரச் சொன்ன யோசனைக்குச் சுமார் 58 சதவீதம். இந்த யோசனைகளுக்குப் பக்கத்தில் கட்சிப் பெயர் எதுவும் இல்லை. இவர்களை எந்த வகை மனிதர்களில் சேர்ப்பது?

மறுபக்கமும் இப்படித்தான். 2008-இல் ஒபாமாவுக்கு அள்ளிக் கொடுத்த கலிபோர்னியா, அதே நாளில் ஒருபால் திருமணத்தைத் தடை செய்தது. 2020-இல் பைடனுக்குப் பத்தில் ஆறுக்கும் மேல் கொடுத்துவிட்டு, இன அடிப்படையிலான முன்னுரிமையைத் திரும்பக் கொண்டுவரும் யோசனையைத் தோற்கடித்தது. முற்போக்கின் தலைநகரம் என்று நம் ஆட்கள் கொண்டாடும் மாநிலம்.

கட்சி அறத்தை இழுத்துக்கொண்டு போவதற்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டும் உதாரணம், குடியரசுக் கட்சிக்குத் திரளாக ஓட்டுப் போடும் வெள்ளை இன இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள். சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறிய ஒருவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடந்துகொள்ள முடியுமா என்று 2011-இல் பிஆர்ஆர்ஐ என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டது. இவர்களில் முடியும் என்றவர்கள் 30 சதவீதம். 2016-இல் அதே கேள்வி, 72 சதவீதம். ஐந்து வருஷத்தில் வேதாகமம் மாறவில்லை. வேட்பாளர் மாறினார், டிரம்ப் வந்தார். இன்னும் பின்னால் போனால், இவாஞ்சலிக்கல்களின் பெரிய சபையான தென்னக பாப்டிஸ்டுகளின் மாநாடே 1971-இல், சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1967-இல் கலிபோர்னியாவில் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்திட்ட ஆளுநர், பின்னால் குடியரசுக் கட்சி அதிபரான ரொனால்ட் ரீகன். (ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று 1996-இல் சட்டம் கையெழுத்திட்டவர் பில் கிளிண்டன்.)

எல்லாமே கட்சி வேஷம் என்று நான் சொல்லவில்லை. கருவில் இருப்பது ஓர் உயிர், அதைக் கொல்வது கொலை என்று உளமார நம்புகிறவர்கள் இங்கே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உன் நம்பிக்கை வெறுமனே கட்சியிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்றால் அது அவமானம். கான்சாஸிலும் நூற்றுக்கு 41 பேர் அந்தப் பக்கம் நின்றார்கள். அந்த வேறுபாடு பேசித் தீராது. ஆனால் வரி, கூலி, காலநிலை, தடுப்பூசி, உக்ரைன் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விஷயங்கள் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டிருப்பதற்கு எந்த அறமும் காரணமாக முடியாது.

பொட்டலம் கட்டியது எது என்றால், ஒன்று வெறுப்பு. பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் கல்யாணம் செய்தால் மனம் நோகுமா என்று 1960-இல் கேட்டபோது, நோகும் என்றவர்கள் சுமார் 5 சதவீதம். 2010-இல் குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறத்தாழ பாதி, ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒருவர். நம் ஊரில் கல்யாணப் பேச்சில் சாதி வந்து உட்கார்வது போல, இங்கே கட்சி வந்து உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று பிரைமரி. பெரும்பாலான தொகுதிகளில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். நிஜப் போட்டி கட்சிக்குள்தான், அதுவும் கொஞ்சம் பேர் மட்டும் வந்து ஓட்டுப் போடும் பிரைமரியில்தான். ஓசேஜ் கவுண்டியில் 'வேண்டாம்' என்று குத்தியவருக்குப் பயப்பட வேண்டிய அவசியம் எந்தச் சட்டமன்ற உறுப்பினருக்கும் இல்லை. பிரைமரிக்குத் தவறாமல் வருகிறவருக்குத்தான் பயப்பட வேண்டும்.

அதனால் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுச் சொன்னதையும் சட்டமன்றங்கள் திருப்பிப் போடுகின்றன. மிசோரியில் அந்த நோய் விடுப்பை 2025-இல் சட்டம் இயற்றியே ரத்து செய்துவிட்டார்கள். கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை மறுபடி வாக்கெடுப்புக்கு விடவும் அதே ஆண்டில் தீர்மானித்தார்கள். கான்சாஸ் சட்டமன்றம் வேறு வழி பிடித்தது. அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதிகளை ஒரு குழு பரிந்துரைத்து ஆளுநர் நியமிக்கிறார். இனிமேல் அவர்களை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்ற திருத்தத்தை 2026 ஆகஸ்ட் ஓட்டுக்கு அனுப்பினார்கள். 2019-இல் அந்தத் தீர்ப்பைச் சொன்ன நீதிமன்றம்தான் அது. தேர்ந்தெடுத்த நாளும் பழையபடி பிரைமரி நாள்தான்.