ரியர்செட் மாட்டினால் கியர் தலைகீழ்!

பழைய டூரிங் புல்லட்டைக் கஃபே ரேசராக, அதாவது குனிந்து ஓட்டும் ரேஸ் பாணி வண்டியாக மாற்றிய உங்கள் பதிவு, படங்களோடு அருமை அண்ணாச்சி. ஆனால் ஹேண்டில்பார், சீட், சைலன்சர் மாற்றினால் வேலை முடிந்தது என்பதுபோல எழுதியிருப்பதுதான் இடிக்கிறது.

நான் செங்கோட்டைக்காரன். சித்தப்பாவின் பழைய 350 சிசி புல்லட்டில் கை வைத்தேன். வலது கால் கியர். முதல் கியர் மேலே, மீதி மூன்றும் கீழே. ரியர்செட் மாட்டி, அதாவது ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ளியதும் லிவரைத் திருப்பி மாட்ட வேண்டிவந்தது, எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஆரியங்காவு தாண்டி தென்மலை இறக்கம். கியர் குறைக்க, பழக்கதோஷத்தில் லிவரைத் தூக்கினேன். குறையாமல் கியர் ஏறிவிட்டது! என்ஜின் பிடிப்பு போய் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, முன்னால் இருப்பதோ டிரம் பிரேக். எதிரே தடி லாரி. குதிகாலால் அமுக்கி நேரே நியூட்ரலுக்குக் கொண்டுவரும் லிவரும் இப்போது எட்டாது.

கிளிப்-ஆன் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் நேரடியாகக் கவ்வும் தாழ்வான ஹேண்டில்) பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அந்த வண்டியில் ஃபோர்க் குழாய்கள் ஹெட்லைட் கூட்டிலேயே திருகி நிற்கும். கூட்டை விட்டுவிட்டு ஹேண்டிலை மட்டும் இறக்க முடியாது.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது கேரள வழக்கில்தான். அதனால் கழற்றிய பழைய பாகங்களையெல்லாம், திரும்ப மாட்ட வேண்டிவந்தால் உதவும் என்று, சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன்.

சித்தப்பா ஒற்றை சீட்டைப் பார்த்துவிட்டு, "நான் எங்கடே உக்கார?" என்கிறார்.